முழங்கால் இழுவைச் சிகிச்சைக்குச் செல்லும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் முழங்கால் வலியோடு பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள்: "ஜவ்வு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க." அதைச் சொன்னவர் மருத்துவராகவும் இருக்கலாம், எக்ஸ்ரே படத்தை உறையில் போட்டுக் கொடுத்தவராகவும் இருக்கலாம், பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவராகவும் இருக்கலாம். அண்மைக் காலமாக அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. ஆபரேஷன் இல்லாமல் மெஷினில் காலை இழுத்துவிட்டே சரிசெய்கிறார்களாமே, அதற்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். 'நான்-சர்ஜிக்கல் நீ டிகம்ப்ரஷன்' (non-surgical knee decompression) என்று விளம்பரங்களில் வரும் அந்தச் சிகிச்சையை முழங்கால் இழுவைச் சிகிச்சை என்றே இங்கே குறிப்பிடுகிறேன். அதற்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதிலிருந்து, போனால் முதல் நாளும் அடுத்தடுத்த வாரங்களும் எப்படி இருக்கும் என்பது வரை, வரிசையாக எழுத முயன்றிருக்கிறேன்.

இயந்திரம் செய்வது என்ன

முழங்காலில் தொடையெலும்பின் அடிமுனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. இரண்டு முனைகளிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது; தேய்ந்துபோன ஜவ்வு என்று பேச்சில் சொல்வது இதைத்தான். அவற்றுக்கு நடுவே பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மூட்டு முழுவதையும் சூழ்ந்த உறைக்குள் பசைபோன்ற திரவம் சிறிதளவு இருக்கிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. கால் ஊன்றும்போது அழுந்தியும் தூக்கும்போது விரிந்தும் அந்தத் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதைப் பெறுகிறது. அதற்கு நரம்பும் கிடையாது என்பது பலர் அறியாத செய்தி. மூட்டுத் தேய்மானத்தில் வலி எழுவது குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டின் உட்சவ்விலிருந்தும், உறையிலிருந்தும், சுற்றியுள்ள தசைநாண்களிலிருந்தும்தான். ஆகவே வலி குறைந்தது என்பதற்கும் ஜவ்வு வளர்ந்தது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், விளம்பரங்களில் பாதியை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

இழுவைச் சிகிச்சையில் தொடையை ஒரு பட்டையால் அசையாமல் நிறுத்தி, கணுக்காலுக்கு மேலே இன்னொரு பட்டையைக் கட்டி, கீழ்க்காலை அதன் நீளவாக்கில் மெல்ல இழுக்கிறார்கள். சில நொடிகள் இழுத்து, சில நொடிகள் தளர்த்தி, மீண்டும் இழுப்பது வழக்கம். இதனால் மூட்டின் இரண்டு பரப்புகளும் மிகச் சிறிதளவே விலகுகின்றன. அழுத்தம் குறைகிறது, உறை நீட்டப்படுகிறது, சுற்றியுள்ள தசைகள் இறுக்கம் தளர்கின்றன, இழுப்பை உணரும் நரம்பு முனைகளிலிருந்து செல்லும் செய்தி வலியின் செய்தியைச் சற்று மங்கச் செய்கிறது. இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பிசியோதெரபிஸ்டுகள் கையாலேயே செய்துவரும் இழுவையும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. இயந்திரத்தின் சிறப்பு, ஒரே விசையை 20 நிமிடம் சலிக்காமல் தரும் என்பது மட்டுமே.

சான்று எவ்வளவு இருக்கிறது

கையாலோ இயந்திரத்தாலோ இழுப்பதை உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோது வலியும் மூட்டின் இறுக்கமும் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பங்கேற்றவர்கள் குறைவு, கண்காணித்த காலமும் குறுகியது. தேய்ந்த குருத்தெலும்பு இந்த இழுவையால் மீண்டும் வளர்கிறது என்று எவரும் நிறுவவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முழங்கால் மூட்டைப் பிரித்துவைத்ததால் குருத்தெலும்பின் தடிமன் கூடியதாகக் காட்டினார்கள். அதைச் சான்றாக எடுத்துக்காட்டி இழுவை இயந்திரத்தை விற்பவர்கள் உண்டு. அந்த ஆய்வில் செய்தது அறுவைச் சிகிச்சை. எலும்புக்குள் கம்பிகளைச் செலுத்தி, வெளியே சட்டம் பொருத்தி, மூட்டை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பிரித்து, இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். பங்கேற்றவர்கள் 20 பேர். நாற்காலியில் அமர்ந்து பட்டை கட்டி 20 நிமிடம் இழுத்துக்கொள்வதற்கு அந்த முடிவை எடுத்து ஒட்டுவது, ஏரி நிறைந்ததைக் காட்டிக் குடத்தை விற்பது போன்றது.

அப்படியானால் இந்தச் சிகிச்சை பயனற்றதா என்றால், அப்படியும் நான் சொல்லமாட்டேன். வலி குறைந்த சில வாரங்களை இது பலருக்குத் தருகிறது. அந்த வாரங்களில் தொடைத் தசையை வலுப்படுத்திக்கொண்டவர் பயனடைகிறார். பட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு திரும்பிக் காலை நீட்டிப் படுத்துவிட்டவர், பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்து சேர்கிறார்.

முதற்படி: வலியின் காரணத்தை உறுதிசெய்துகொள்ளுதல்

மூட்டுத் தேய்மானத்தின் வலிக்கு ஒரு சாயல் உண்டு. ஐம்பது வயதையொட்டித் தொடங்கும். படியிறங்கும்போதும் குந்தி எழும்போதும் கூடும். காலையில் எழுந்ததும் இறுக்கமாக இருந்தாலும் அரைமணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஒரே முழங்கால் பல மாதங்களாக வீங்கி, மாலை நேரக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் மூட்டுக் காசநோயைத் தேடிப் பார்க்க வேண்டும். சிக்குன்குன்யா காய்ச்சல் வந்துபோன பிறகு மாதக்கணக்கில் நிற்கும் வலி வேறு வகை. இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதும் உண்டு. முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு இடுப்பை அசைத்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தால், எத்தனை முறை இழுத்தாலும் பயன் இருக்காது.

நம் மாவட்டங்களில் இன்னொன்றையும் கட்டாயம் கேட்டறிய வேண்டும். வெளியூரில் எழுதப்படும் கையேடுகளில் அது இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த வரம்பைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரையே பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் குடித்துவந்தன. ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்னும் நோக்கமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் பழைய நீரைக் குடித்த ஒருவரின் எலும்பில் படிந்தது, குழாயில் காவிரி வந்ததும் கரைந்து போய்விடுவதில்லை. புளோரைடால் எலும்புகள் அடர்ந்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகும் கழுத்தும் முழங்காலும் சேர்ந்து விறைத்துப்போகும். பல்லில் பழுப்புக் கறை, குனிந்து தரையைத் தொட இயலாமை, பல மூட்டுகளில் ஒருசேர இறுக்கம் ஆகியவை இருந்தால், பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை என எந்தப் பக்கத்திலிருந்து வந்தவரானாலும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்ற கேள்விக்குப் பிறகே சிகிச்சையைப் பேச வேண்டும். சுண்ணாம்பேறி விறைத்த தசைநாரை விசை கொடுத்து இழுப்பது நன்மை தராது. வலியைக் கூட்டவும் செய்யும்.

எக்ஸ்ரே எடுப்பதானால் நின்ற நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் எடுத்த படத்தில் மூட்டின் இடைவெளி உண்மையில் இருப்பதைவிட அகலமாகத் தெரியக்கூடும். எக்ஸ்ரே எடுத்த எல்லோருக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் தேவைப்படுவதில்லை. முழங்கால் திடீரென்று பூட்டிக்கொள்கிறது, மடங்கி விழவைக்கிறது, அடிபட்டதற்குப் பின் வீங்கியது என்ற நிலைகளில்தான் அது உதவும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்பு மருத்துவப் பிரிவில் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு எந்தத் தனியார் மையத்தைப் பற்றியும் யோசிப்பது என் பரிந்துரை. வரிசையில் நிற்கும் நேரம் நீளமாக இருக்கும் என்பது தெரியும். ஆனாலும் இயந்திரம் எதையும் விற்கும் நோக்கம் இல்லாத ஒருவரின் கருத்து, அந்தக் காத்திருப்புக்குத் தகும்.

யார் இதற்குப் போகக் கூடாது

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், அந்தக் காலில் அண்மையில் எலும்பு முறிந்தவர்கள், மூட்டில் சீழ் அல்லது கிருமித்தொற்று உள்ளவர்கள், எலும்பில் கட்டி உள்ளவர்கள், தசைநார் அறுந்து மூட்டு ஆடிக்கொண்டிருப்பவர்கள், எலும்பு மிகவும் பலவீனமடைந்தவர்கள் ஆகியோருக்கு இழுவை கூடாது. கெண்டைக்காலில் இரத்தக்கட்டு இருப்பவர்களுக்கோ, இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களுக்கோ கண்டிப்பாகக் கூடாது. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் இழுவை மையத்துக்கு அல்ல, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குப் பட்டை அழுத்துவதும் தோல் உரிவதும் தெரியாது. காலணி எப்போது கழன்றது என்று தெரியாமல் நடப்பவர் நீங்களானால், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கணுக்காலில் ஆறாத புண்ணோ, நரம்புச் சுருட்சியால் வந்த புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை பட்டை கட்ட அனுமதிக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரும், பேஸ்மேக்கர் பொருத்தியவரும் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இழுவையோடு சேர்த்துத் தரப்படும் அதிர்வலை, மின்தூண்டல் போன்றவற்றில் சில அவர்களுக்கு ஆகாது.

பணம் கட்டுவதற்கு முன்

பெரும்பாலான மையங்கள் இதைத் தொகுப்பாகவே விற்கின்றன. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அமர்வுகள், மொத்தம் 12 முதல் 24 அமர்வுகள் என்பது பொதுவாகக் காணப்படும் அளவு. எல்லாப் பணத்தையும் முதலிலேயே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடியை மறுத்துவிடுங்கள். நான்கு அல்லது ஆறு அமர்வுகளுக்கு மட்டும் கட்டி, முன்னேற்றம் தெரிந்தால் தொடரலாமா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத மையம் தன் சிகிச்சையின் மீது தனக்கே எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்களைப் பரிசோதிப்பவர் முறையாகப் பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்டா, ஒவ்வோர் அமர்விலும் அவரே இருப்பாரா, இல்லை பட்டை கட்டப் பழகிய உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவாரா என்று கேளுங்கள். தொகுப்பில் வேறு எவையெல்லாம் அடங்கும் என்றும் கேளுங்கள். லேசர், அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் முதலியவற்றை அடுக்கிக்கொண்டே போவார்கள்; இவற்றை மூட்டுத் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்று மருத்துவர்களுக்குச் சிகிச்சை நெறிகளை வகுத்துத் தரும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. அதே வழிகாட்டுதல் எல்லோருக்கும் பரிந்துரைப்பது உடற்பயிற்சியையும், எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பையும்தான். ஆகவே தொகுப்பில் உடற்பயிற்சி இல்லை என்றால், முக்கியமான பொருளை விட்டுவிட்டுப் பொட்டலத்துக்கு விலை சொல்கிறார்கள் என்று பொருள். அவர்களே மருந்துக் கடையும் வைத்துக் குளுக்கோசமைன் மாத்திரையை ஆறு மாதத்துக்கு எழுதித் தந்தால், அதுவும் அந்த வழிகாட்டுதல் தர வேண்டாம் என்று சொன்ன பட்டியலில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது மையத்தின் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். அஞ்செட்டியிலிருந்தோ அரூரிலிருந்தோ ஒருமுறை வந்துபோக அரைநாள் ஆகும் என்றால், 20 அமர்வுகளுக்குப் பத்து நாள் கூலி போகிறது. கூட வரும் மகனுக்கோ மருமகளுக்கோ இன்னொரு பத்து நாள். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அந்தப் பேருந்தின் முதல் படி, வலிக்கும் முழங்காலிடம் தனிக் கட்டணம் வாங்கிவிடுகிறது. ஓசூரில் இருப்பவர்களைப் பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் ஈர்க்கிறது. ஆனால் வாரம் மூன்று முறை அந்த நெரிசலில் காலை மடக்கி உட்கார்ந்து போய்வருவது, இழுவையில் கிடைத்த தளர்வை வழியிலேயே இழக்கச் செய்யும். கையால் இழுவை தரத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பக்கத்து ஊரிலேயே இருந்தால், தொலைவில் உள்ள இயந்திரத்தைவிட அவரே உங்களுக்கு நல்ல தேர்வு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், இழுவைச் சிகிச்சை அதில் அடங்கும் என்று எவர் வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் நம்பிவிடாமல், அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அளந்து வைத்துக்கொள்ளுதல்

தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒரு நோட்டில் நான்கு செய்திகளை எழுதுங்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10 என்று வைத்து, நடக்கும்போதும் படியிறங்கும்போதும் எத்தனை என்று எழுதுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு அமர்ந்து, 30 நொடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதை மீட்டரில் எழுதத் தேவையில்லை. வீட்டிலிருந்து பால் சொசைட்டி வரை, மாரியம்மன் கோயில் வரை என்று எழுதினால் போதும். கடைசியாக, உங்களால் செய்ய முடியாமல்போன ஒரு வேலையை எழுதுங்கள். களத்தில் குந்திப் புளி தட்டுவதாக இருக்கலாம், தக்காளிக் கூடையைத் தூக்கி எழுவதாக இருக்கலாம், மாந்தோப்புக்குப் பாய்ச்சல் விடப் போவதாக இருக்கலாம்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தின் வலி ஏறி இறங்கும் தன்மையுடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் சிகிச்சையைத் தேடி வருகிறார்கள். அதன் பிறகு ஒன்றும் செய்யாவிட்டாலும் ஓரளவு இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் பெயரை இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. பத்தில் இரண்டு புள்ளிக்குக் குறையாத மாற்றம், நாற்காலிச் சோதனையில் கூடிய எண்ணிக்கை, செய்ய முடியாத வேலையைச் செய்ய முடிந்தது ஆகியவை சேர்ந்து வந்தால்தான் அதை முன்னேற்றம் என்று நான் ஏற்றுக்கொள்வேன்.

அமர்வு எப்படி நடக்கும்

தொடை வரை ஏற்றிவிடக்கூடிய தளர்ந்த உடை வேண்டும். ஆண்களுக்கு அரைக்கால் சட்டையும் பெண்களுக்கு நைட்டி அல்லது தளர்ந்த பேண்டும் வசதி. புடவையோடு வருபவர்களுக்கு மாற்று உடையும் மறைப்புத் திரையும் தருகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சத்தால் இறுகிய தசையை எந்த இயந்திரமும் தளர்த்தாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றிலும் வரக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு அமர்வது நல்லது, ஏனென்றால் கட்டிய பிறகு நடுவில் எழுவது தொல்லை.

முதலில் முழங்காலுக்கு 10 நிமிடம் போல வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தளர்த்துவார்கள். பிறகு சாய்வான இருக்கையிலோ படுக்கையிலோ இருத்தி, முழங்காலை ஏறக்குறைய 25 முதல் 30 பாகை மடங்கிய நிலையில் வைப்பார்கள். அந்த நிலையில்தான் உறையும் தசைநார்களும் மிகத் தளர்வாக இருக்கும். காலை முழுதாக நீட்டிவைத்து இழுத்தால் தசைநார்கள் இறுகி, மூட்டு திறக்க மறுக்கும். ஆகவே முழங்காலுக்கு அடியில் எதுவும் வைக்காமல் நேராக நீட்டி இழுக்கத் தொடங்கினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பட்டைக்கும் தோலுக்கும் இடையில் துணியோ மென்மையான திண்டோ இருக்க வேண்டும்.

இழுவை தொடங்கும்போது கால் நீளமாவது போன்ற உணர்வு வரும். முழங்காலுக்குள் இலேசாகக் காற்றுப் புகுந்தாற்போல இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். சில வேளை சொடக்கு விழும் ஓசை கேட்கும்; வலி இல்லாத சொடக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. விசை எல்லோருக்கும் ஒரே எண் அல்ல. முதல் நாள் மிகக் குறைவாகவே தொடங்கி, அடுத்தடுத்த நாட்களில் மெல்லக் கூட்ட வேண்டும். "இன்னும் கொஞ்சம் இழுங்க, தாங்குவேன்" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன், குறிப்பாக வயல் வேலை செய்து பழகிய பெரியவர்களை. அவர்களுடைய தாங்கும் திறன் உண்மைதான், ஆனால் இதில் அது பயன்படாது. விசை கூடி வலித்தால் தசைகள் தற்காப்புக்காக இறுகிக்கொள்ளும். அப்போது இயந்திரம் இழுப்பது தசையையே தவிர மூட்டை அல்ல.

15 முதல் 30 நிமிடத்தில் இழுவை முடியும். நடுவில் கூர்மையான வலி, பாதத்தில் மரத்துப்போதல், விரல்கள் வெளிறிக் குளிர்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தும் பொத்தான் உங்கள் கையிலேயே இருப்பது நல்லது. லேசரும் தருவதாக இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அனுமதிக்காதீர்கள். முடிந்ததும் சட்டென்று எழாமல், கணுக்காலை மேலும் கீழும் பத்து முறை அசைத்துவிட்டு, பட்டை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு எழுங்கள். சிவந்த தடம் அரைமணிக்குள் மறைய வேண்டும்.

எழுந்ததும் முழங்கால் இலேசாகத் தோன்றும். இந்த நேரத்தில்தான் சிலர் தவறு செய்கிறார்கள். வலி குறைந்த மகிழ்ச்சியில், வந்த காலோடு சந்தைக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் நின்றே ஊர் போய்ச் சேர்ந்து, இரவில் வீங்கிய முழங்காலோடு அழைப்பார்கள். அன்று மாலை சமதரையில் சிறிது நடக்கலாம். குந்துவதும் சுமப்பதும் வேண்டாம். மறுநாள் வரை இலேசான நோவு இருக்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டியும் வலி முன்பைவிடக் கூடியிருந்தால் அல்லது வீக்கம் தெரிந்தால், அடுத்த அமர்வில் விசையைக் குறைக்க வேண்டும் அல்லது அமர்வையே தள்ளிப்போட வேண்டும்.

இதைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் வீட்டிலேயே கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, கணுக்காலில் செங்கல்லையோ மணல் மூட்டையையோ கட்டித் தொங்கவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த எடை தசைநாரை இழுக்கும், தோலை அறுக்கும், அவிழ்க்கும்போது பாதத்தில் விழும்.

வாரங்கள் செல்லச் செல்ல

முதல் இரண்டு வாரங்களில் பலருக்கு அமர்வுக்குப் பிறகான சில மணி நேரம் மட்டும் நன்றாக இருக்கும்; மறுநாள் வலி திரும்பும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் அந்த நல்ல நேரம் நீள வேண்டும். ஆறு அமர்வுகள் முடிந்தும் நோட்டில் எழுதிய எண்களில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். பாதியில் விட்டால் பழைய பலனும் போய்விடும் என்று எவராவது சொன்னால், அதற்கு அடிப்படை இல்லை.

கிடைத்த நல்ல நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படுத்த நிலையில் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையின் முன்தசையை ஐந்து முதல் பத்து நொடிகள் இறுக்கி விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இது சுலபமானதும், காலை நேராக நீட்டி ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்த வேண்டும். அடுத்த வாரம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரப் பழக வேண்டும். முதலில் உயரமான நாற்காலி, பிறகு தாழ்ந்தது. அதற்கும் பிறகு வாசற்படியில் ஒரு காலால் ஏறி இறங்க வேண்டும். செய்யும்போது வலி பத்தில் நான்கைத் தாண்டாமலும், மறுநாளுக்குள் பழைய அளவுக்கு இறங்கியும் இருந்தால் அளவு சரி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பது அளந்து கண்ட உண்மை. ஐந்து கிலோ குறைத்தவர் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோவை இறக்கிவைக்கிறார். கேழ்வரகுக் களி சாப்பிட்டால் ஜவ்வு வளருமா என்று கேட்பவர்களுக்கு: கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, எலும்புக்கு நல்லது, ஆனால் குருத்தெலும்பை அது திரும்பத் தராது. களியின் அளவைச் சற்றுக் குறைத்துக் கீரையைக் கூட்டினால், எடைக் கணக்கிலாவது முழங்காலுக்கு உதவும்.

கைத்தடி பிடிப்பதானால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அனேகமாக எல்லோரும் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள்.

அமர்வுகள் முடிந்த பிறகும், நடக்க இயலாத முதியவர்களுக்கும் வீட்டிலேயே பிசியோதெரபி கிடைக்க ஒரு வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் அடங்கும். இழுவை இயந்திரம் அதில் வராது; ஆனால் மேலே சொன்ன பயிற்சிகளைச் சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க ஒருவர் வருவார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இழுவையும் பயிற்சியும் போதாதபோது

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி நீடித்தால், கால் வில்போல வளைந்துகொண்டே போனால், வீட்டுக்குள் நடப்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தால், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது. அதைத் தள்ளிப்போடுவதற்காக இழுவையின் இரண்டாவது தொகுப்பை வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. அந்தச் சந்திப்புக்குப் போகும்போது நின்ற நிலை எக்ஸ்ரே, எடுத்துவரும் மாத்திரைகளின் சீட்டு, சர்க்கரை அளவு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு, தேதி வாரியாக எண்கள் எழுதிய அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை அமர்வு, எவ்வளவு விசை, எந்தப் பயிற்சி, எத்தனை வாரம் என்று இழுவை மையத்திடம் எழுதி வாங்கிய குறிப்பு இருந்தால் அதையும் உள்ளே செருகிவையுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அந்த ஐந்து நிமிடத்தில் பாதி மறந்துபோகும்.